லண்டனுக்குப் போகிறீர்களா?

காசிக்குப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும், எந்தத் துறையில் நீராட வேண்டும் என்று சொல்ல நம் நாட்டில் ஊருக்குப் பத்துப் பெரியவர்கள் இருந்தார்கள். லண்டனுக்குப் போகிறவர்களுக்கு அப்படிச் சொல்வார் இல்லை. ஆனால் போகிறவர்கள் தொகை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. முந்திரித் தோப்புகளுக்கு நடுவே கிடக்கும் நம் வரதராஜன்பேட்டை வட்டாரத்திலிருந்துங்கூடப் பிள்ளைகள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் கடல் கடந்து போகிறார்கள். பிள்ளை போன பிறகு, பேரக் குழந்தையைப் பார்க்கப் பெற்றோர்கள் போகிறார்கள். சென்ற கோடை விடுமுறையில், பழைய மாணாக்கர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாமும் போய் வந்தோம். பார்த்ததையும் உணர்ந்ததையும், முதன்முறை போகிறவர்களுக்கு உதவக் கூடிய சில யோசனைகளையும் இவ்வாரம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

லண்டன் என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் இரண்டு விதமான உணர்ச்சிகளில் ஒன்று எழும்புகிறது. ஒன்று, வாய் பிளந்து நிற்கும் வியப்பு. மற்றொன்று, "நம்மைச் சுரண்டிக் கட்டிய ஊர்தானே!" என்ற கோபம். வியப்பு மட்டும் கொண்டு போகிறவன் அடிமைக் காலத்துக் கண்ணாடியை இன்னும் கழற்றாதவன். கோபம் மட்டும் கொண்டு போகிறவன் விமானக் கட்டணத்தை வீணாக்குகிறவன். இரண்டையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பது நம் முதல் யோசனை. அந்த ஊரில் வியக்கவும் உண்டு, கோபிக்கவும் உண்டு, கற்றுக் கொள்ளவும் நிரம்ப உண்டு.

புறப்படுமுன்

பல பேருக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவாகச் செல்லும் 'ஷெங்கன்' விசா இருந்தால் லண்டனுக்கும் போகலாம் என்று நினைக்கிறார்கள். போக முடியாது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும். சாதாரணமாகச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். சென்னையில் உள்ள விசா நிலையத்துக்கு நேரில் போய் விரல் ரேகையும் புகைப்படமும் கொடுத்தாக வேண்டும். விசாரணையில் கேட்பதெல்லாம், செலவுக்குப் பணம் உண்டா, திரும்பி வருவதற்கு ஊரில் பிடிப்பு உண்டா என்ற இரண்டுந்தான். உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்; 'ஏஜெண்டு' என்று சொல்லிக் கொண்டு வருகிறவர் கற்பித்துக் கொடுக்கும் கதைகள் வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சுற்றிப் பார்க்கும் விசாவில் போய் அங்கே வேலை செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது சட்ட விரோதம். பட்டப் படிப்புக்குப் போகும் மாணவர்கள்கூடப் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. "அங்கே போய்ச் சம்பாதித்தே கட்டணத்தைக் கட்டிவிடலாம்" என்ற பேச்சை நம்பி, தோப்பை அடமானம் வைக்கும் தகப்பன்மார்கள் இந்த இருபது மணிக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு வாத்தியார் யாரிடமாவது காட்டினால் இனாமாகவே பார்த்துச் சொல்வார்.

மழையும் வெயிலும்

லண்டன் என்றாலே மழை என்று நாம் பாடப் புத்தகத்திலே படித்திருக்கிறோம். உண்மை என்னவென்றால், சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிகூட லண்டனில் பெய்வதில்லை. அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். ஆனால் நம் ஐப்பசி மழை வருவது கூத்துக் கட்டியதுபோல் ஆர்ப்பாட்டமாக வந்து தீர்ந்துவிடுகிறது. லண்டன் மழையோ கடன்காரனைப் போலத் தினமும் வந்து வாசலில் நின்றுவிட்டுப் போகிறது. ஆகையால் சின்னக் குடை ஒன்று எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒரே கனமான கம்பளிச் சட்டையை நம்பிப் போவதைவிட, மெல்லிய சட்டைகள் இரண்டு மூன்று அடுக்காகப் போட்டுக் கொள்வது நல்லது. ரயிலுக்குள் புழுங்கும், வெளியே வந்தால் குளிரும், கழற்றவும் போடவும் அப்போதுதான் தோதுப்படும்.

பொழுதின் போக்கும் விநோதமானது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். டிஸம்பரிலோ மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். நம் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் குளிர் காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக் கொள்வதால் நாலரை மணிதான். ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால், பாட்டியை நடுநிசியில் எழுப்பும் பாவம் சேராது.

பூமிக்கடியில் ஒரு நகரம்

லண்டனில் நம்மை உண்மையாகவே வியக்க வைத்தது அரண்மனையல்ல. பூமிக்கடியில் ஓடும் ரயில். 1863-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பாடிங்டனுக்கும் பாரிங்டனுக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. உலகத்திலேயே அதுதான் முதல் சுரங்க ரயில். அப்போது மின்சார வண்டி கிடையாது. நிலத்துக்கடியில் நீராவி எஞ்சினையே ஓட்டினார்கள். இன்று 11 வழித்தடங்கள், 272 நிலையங்கள். இரண்டாவது மகாயுத்தத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது ஆயிரக் கணக்கான ஏழை ஜனங்கள் இந்த நிலையங்களில்தான் இரவைக் கழித்தார்கள்.

வழி தெரியாமல் தவிப்போமோ என்று அஞ்ச வேண்டாம். ஹாரி பெக் என்ற வரைபடக்காரர், ஊரின் உண்மையான வளைவு நெளிவுகளைப் பற்றிக் கவலைப்படாமல், நேர் கோடுகளும் நிறங்களுமாக ஒரு படம் வரைந்தார். 1933-ல் அது அச்சாயிற்று. தடத்துக்கு ஒரு நிறம்; நிறத்தைப் பிடித்துக் கொண்டால் ஊரைப் பிடித்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை பத்து நிமிஷத்தில் அதைக் கற்றுக் கொள்ளும். ஒரு கருத்தை எவ்வளவு எளிதாகச் சொல்லலாம் என்பதற்கு அந்தப் படத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை.

பயணச் சீட்டு வாங்கக் கியூவில் நிற்க வேண்டுவதில்லை. தொட்டால் பணம் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் அதையே வாயிலில் தொடலாம். இல்லாவிட்டால் 'ஆய்ஸ்டர்' என்னும் அட்டை வாங்கிக் கொள்ளலாம். ரயிலுக்கு நுழையும்போதும் தொட வேண்டும், வெளியேறும்போதும் தொட வேண்டும். மறந்தால் அதிகக் கட்டணம் பிடிப்பார்கள். பஸ்ஸிலோ ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். நாள் முழுதும் எத்தனை தடவை போய் வந்தாலும், குறித்த தொகைக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை என்பது விதி. கணவன் அட்டையில் மனைவியும் செல்ல முடியாது. நகரும் படிக்கட்டில் நிற்கிறவர் வலப்புறம் ஒதுங்கி நிற்க வேண்டும். இடப்புறம் அவசரக்காரர்களுக்கு உரியது. சாலையில் வண்டிகள் நம் நாட்டைப் போலவே இடப்புறமாகச் செல்வதால் அந்த மட்டில் நமக்குச் சௌகரியம்.

பச்சை வழித்தடம்

நாம் தங்கியிருந்தது கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற பகுதியில். அங்கே தெருவில் தமிழ்க் குரல் கேட்கிறது. கடை வாசலில் முருங்கைக்காய் கிடக்கிறது. இட்டிலியும் தோசையும், யாழ்ப்பாணத்து இடியப்பமும் புட்டும் கிடைக்கின்றன. மேற்கே வெம்பிளியிலும், தெற்கே டூட்டிங்கிலும் இப்படித்தான். உணவைப் பற்றிய கவலை இக்காலத்தில் வேண்டியதில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போன கணித மேதை ராமானுஜன் மரக்கறிச் சோற்றைத் தாமே சமைத்துக்கொண்டு, யுத்தப் பஞ்சத்தில் காய்கறியும் சரியாகக் கிடைக்காமல் உடல் நலிந்தார் என்பதை எண்ணும்போது, இன்று போகிறவர்கள் பாக்கியசாலிகள். அவர் நோயுற்றுப் படுத்திருந்த இடம் லண்டனின் பட்னி பகுதி. அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்று சொன்னதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக் கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் சொன்னதும் அங்கேதான்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து செல்வது 'டிஸ்ட்ரிக்ட்' என்னும் பச்சை வழித்தடம். அந்த ஒரே தடத்தைப் பிடித்துக் கொண்டால், இந்திய சரித்திரத்தின் பாதியை ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்பதை அங்கே போன பிறகு கண்டோம். முதன்முறை செல்கிறவர்களுக்கு அந்த வரிசையைத் தருகிறோம்.

முதலில் பிராம்லி-பை-போ நிலையம். அதற்கு அருகே கிங்ஸ்லி ஹால் என்ற எளிய கட்டடம் இருக்கிறது. 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு வந்த மகாத்மா காந்தி, பெரிய ஹோட்டலில் தங்க மறுத்து, மியூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திய இந்தத் தொண்டு நிலையத்தில், தொழிலாளர் குடியிருப்பின் நடுவே, ஏறத்தாழ 12 வாரம் தங்கினார். லண்டனில் ஏழைகளும் உண்டு என்பதைச் சரித்திரத்துக்கு எடுத்துக் காட்டியவர் அவரே. இன்றும் உண்டு. பளபளக்கும் கடை வாசலில் கம்பளியைப் போர்த்திக் கொண்டு படுத்திருப்பவர்களை நாம் பார்த்தோம். மேல் நாடு முழுதும் பொன் விளையும் என்று நினைப்பவர்கள் அதையும் பார்த்து வர வேண்டும்.

அடுத்தது டவர் ஹில். கோட்டைக்குள் மகுடங்களோடு கோஹினூர் வைரமும் இருக்கிறது. 1849-ல் பஞ்சாபைப் பிடித்துக் கொண்டபோது, பத்து வயதுச் சிறுவனாகிய மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து உடன்படிக்கை எழுதி வாங்கிய பொருள் அது. நுழைவுக் கட்டணம் அதிகம். அங்கிருந்து சற்று நடந்தால் லெடன்ஹால் வீதி. நம் நாட்டை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மாளிகை இருந்த இடம் அதுதான். 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் சாஸனம் பெற்ற அந்தக் கம்பெனியின் மாளிகையை 1861-ல் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நிற்பது லாயிட்ஸ் என்னும் இன்ஷூரன்ஸ் கட்டடம். கோடிக் கணக்கான ஜனங்களின் தலையெழுத்தை எழுதிய இடத்தில் இன்று ஒரு தூண்கூட மிஞ்சவில்லை. சாம்ராஜ்யங்களின் ஆயுளைப் பற்றி நம் சித்தர்கள் பாடியதற்கெல்லாம் அந்த வீதி முனை உரை எழுதுகிறது.

பின்னர் டெம்பிள் நிலையம். காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை சட்டம் பயின்ற 'இன்னர் டெம்பிள்' இங்கே இருக்கிறது. இராஜத் துரோகக் குற்றத்துக்காக அவர் சிறை சென்றதும், 1922-ல் அவருடைய பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். 1988-ல் மறுபடியும் சேர்த்துக் கொண்டார்கள். அடிக்க எடுத்தது சில மாதம். சேர்க்க எடுத்தது அறுபத்தாறு ஆண்டு!

அதற்கு அப்பால் வெஸ்ட்மின்ஸ்டர். பார்லிமெண்டு சதுக்கத்தில் 2015 முதல் காந்தியடிகளின் வெண்கலச் சிலை நிற்கிறது. அவரை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்த சர்ச்சிலின் சிலையும் அதே சதுக்கத்தில்தான். இருவரையும் ஒரே பார்வையில் பார்த்தபோது, நமக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

நம்மூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. 'வெஸ்ட்மின்ஸ்டர் அபே' என்பது வேறு, 'வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல்' என்பது வேறு. அரசர்களுக்கு முடி சூட்டும் 'அபே' ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தது. சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, ஜெபத்துக்குச் செல்கிறவர்களுக்கு இல்லை. கத்தோலிக்கரின் தலைமை ஆலயம் சற்றுத் தள்ளி விக்டோரியா வீதிப் பக்கம், செங்கல்லும் வெண்கல்லும் வரிவரியாக வைத்துக் கட்டிய கதீட்ரல். பூசை காணச் சென்று, தவறான வாசலில் கட்டணம் கட்டி நிற்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டோம்.

கடைசியில் ஸௌத் கென்ஸிங்டன். விக்டோரியா-ஆல்பர்ட் காட்சிச் சாலையில் திப்பு சுல்தானின் மரப் புலி இருக்கிறது. வெள்ளைக்காரன் ஒருவனைப் புலி கவ்விக் கொண்டிருக்கும். உள்ளே உள்ள யந்திரத்தைச் சுற்றினால் அவன் முனகுவான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு கொள்ளையாகக் கொண்டு போனது. நுழைவுக் கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் மியூஸியத்துக்கும், நாஷனல் காலரிக்கும், விஞ்ஞானக் காட்சிச் சாலைக்கும்கூடக் கட்டணம் கிடையாது. "ஸார், நம் வீட்டுச் சாமானைப் பார்க்க நம்மிடமே காசு வாங்கக் கூச்சமாக இருக்கிறது போலும்!" என்றார் உடன் வந்த மாணாக்கர்.

இந்தப் பச்சைத் தடத்தில் அடங்காத இடம் வடக்கே ஹைகேட். அங்கே குரோம்வெல் அவென்யூவில் 65-ஆம் எண் வீட்டில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-ல் 'இந்தியா ஹவுஸ்' தொடங்கினார். பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்த நம்மவர்களுக்கு அந்த வீடு அயலானதன்று. திருச்சி வரகனேரியில் பிறந்து, பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போன வ. வே. ஸு. ஐயர் ஸாவர்க்கரோடு பழகியது அங்கேதான். 1910-ல் போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இன்று அந்த வீட்டுச் சுவரில் ஸாவர்க்கர் பெயர் தாங்கிய பலகை இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரமில்லாத ஆர்ச்வே சாலையில் இலங்கைத் தமிழர்கள் முயன்று எழுப்பிய முருகன் கோயில். போரினால் ஊரை இழந்தவர்கள், வந்த இடத்தில் வேலவனுக்கு ஓர் இடம் தேடிய பிறகே தமக்கு நிம்மதி தேடினார்கள் போலிருக்கிறது. சந்நிதியில் நின்ற யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். "கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம், அம்மா" என்றோம். "ராஜேந்திர சோழன்ர ஊரோ!" என்று கை கூப்பினார். நம்மூர்ப் பெயருக்கு லண்டனில் கிடைத்த மரியாதை அது.

கண்ணாடிக்குள் நம் தெய்வங்கள்

இனி, நம் மனத்தை மிகவும் உறுத்திய விஷயத்துக்கு வருகிறோம்.

பிரிட்டிஷ் மியூஸியத்தில் நம் சோழ நாட்டு வெண்கலத் திருமேனிகள் நிற்கின்றன. பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள் ஒரு தனி அறையை நிரப்பிக் கொண்டிருக்கின்றன. எவ்வளவு துப்புரவு, எவ்வளவு பாதுகாப்பு, எவ்வளவு அழகான விளக்கொளி! பார்த்தவுடன் இரண்டு எண்ணங்கள் ஒன்றோடொன்று மோதின. "இங்கே இருப்பதால்தான் பிழைத்தன" என்றது ஒன்று. "இங்கே வந்ததே பிழையல்லவா?" என்றது மற்றது.

முதல் எண்ணத்துக்கு நம்மிடம் ஓர் உள்ளூர்ப் பதில் உண்டு. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிற் கற்களைப் பெயர்த்து அணைக்குக் கொண்டு போனது கம்பெனித் துரைத்தனந்தான். தன் ஊர்ப் பழங்கல்லை இரும்பு வேலியிட்டுக் காக்கும் அதே கை, நம் ஊர்ப் பழங்கல்லைச் சல்லியாகக் கண்டது. ஆகவே பாதுகாப்பில் அவர்களுக்குப் பிறவியிலேயே திறமை உண்டு என்பது சரியல்ல. தம்முடையது என்று நினைத்ததை அவர்கள் காத்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் நம் கதையும் நிறைவாக இல்லை. தஞ்சை ஜில்லாப் பத்தூரில் 1976-ல் மண்ணுக்கடியிலிருந்து அகப்பட்ட நடராஜர், கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். 1982-ல் லண்டன் போலீஸார் அதைக் கைப்பற்றினார்கள். வாங்கிய கானடா நாட்டுக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. பத்தூர்க் கோயிலின் சார்பில் எதிர் வழக்காடப்பட்டது. தொல்பொருள் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் போய்ச் சாட்சி சொன்னார். இடிந்து கிடந்த ஒரு கிராமத்துக் கோயில், இங்கிலீஷ் நீதிமன்றத்தில் வழக்காட உரிமை உள்ளது என்று 1988-ல் தீர்ப்பாயிற்று. 1991-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடராஜர் ஊர் திரும்பினார். லண்டன் சட்டத்தைக் கொண்டே லண்டனில் வென்ற வழக்கு அது. அந்த ஊரில் வியப்பதற்கு உரியது உண்டு என்று மேலே சொன்னோமே, அந்த நீதிமன்றத்தையும் அதில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம். நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருட்டுப் போய், 2008-ல் ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் விலை போய் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் நின்றார். 2014-ல் அந்நாட்டுப் பிரதமரே டில்லிக்குக் கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தார். அனந்தமங்கலத்திலிருந்து 1978-ல் களவு போன ராமர், லட்சுமணர், சீதை திருமேனிகளை, 2020-ஆம் ஆண்டு ஸெப்டம்பரில் லண்டனிலேயே இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தார்கள். இவை எப்படி நம்முடையவை என்று மெய்ப்பிக்க முடிந்தது? புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் பல ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகச் சென்று எடுத்து வைத்திருந்த புகைப்படங்களால்! அனந்தமங்கலத்துப் படம் 1958-ல் எடுத்தது. நம் சுவாமியை நமக்கு அடையாளம் காட்ட, பிரெஞ்சுக்காரர் எடுத்த படம் தேவைப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் படங்கள் இல்லையென்றால் கோபத்தால் பயன் என்ன? பத்துக் கட்டுரை எழுதலாம்; பத்துக் கூட்டம் போடலாம். சுவாமி திரும்ப மாட்டார். நீதிமன்றம் கேட்பது உணர்ச்சியை அல்ல, சான்றை.

ஆகையால், லண்டனுக்குப் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும் நாம் சொல்ல விரும்பும் முக்கிய யோசனை இதுதான். ஒவ்வோர் ஊரிலும் கோயிலாயினும், மாதா கோயிலாயினும், பள்ளி வாசலாயினும், அங்குள்ள பழம்பொருள்களை, உரியவர்களிடம் அனுமதி பெற்று, முன்புறம் பின்புறம் இருபக்கம் என்று படம் எடுத்து, அளவு குறித்து, தேதியிட்டு, இரண்டு மூன்று இடங்களில் வைத்திருங்கள். வீட்டுக்கு வீடு புகைப்படம் எடுக்கும் தொலைபேசி இருக்கும் இக்காலத்தில் இதற்கு மூலதனம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு செய்தால், சரித்திரப் பாடமும் ஆயிற்று, சரித்திரத்தைக் காத்ததும் ஆயிற்று.

சில சில்லறை யோசனைகள்

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் வழக்கத்தை முதல் நாளோடு விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கோப்பைக் காப்பியும் உள்ளே இறங்காது. புறப்படுமுன்பே நாளுக்கு இவ்வளவு என்று தீர்மானித்துக் கொள்வது நலம். கியூவில் ஒருவர் நின்றாலும் அவருக்குப் பின்னாலே நில்லுங்கள். அந்த ஊரில் எழுதப்படாத வேதம் அது. குழந்தைகளைக் கிரீனிச் வானாராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துப் போய், 1884-ல் உலகம் ஒப்புக் கொண்ட தீர்க்க ரேகைக் கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்கச் சொல்லுங்கள். பூகோளப் பாடம் ஆயுள் முழுதும் மறக்காது. படிப்பில் நாட்டமுள்ளவர்கள் செயிண்ட் பாங்கிராஸ் பக்கத்து பிரிட்டிஷ் நூல் நிலையத்துக்குச் செல்லுங்கள். கம்பெனியின் தஸ்தாவேஜுகள் அங்கே இருக்கின்றன. வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அமராவதிச் சிற்பங்களின் மற்றொரு பெரும் பகுதி நம் சென்னை எழும்பூர்க் காட்சிச் சாலையில் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற சோழர் வெண்கலங்களும் அங்கே இருக்கின்றன. லண்டன் போய் அவற்றின் உடன்பிறப்புகளைக் கண்டு அதிசயிக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் எழும்பூரில் இறங்கியிருக்கிறார்கள்? கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வெளிநாட்டார் வந்து நின்று பார்க்கிறார்கள். நாம் பஸ் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக் கொள்கிறோம். லண்டனுக்கு விமானம் ஏறுமுன், சென்னையில் இறங்கும் அந்த ஒரு நாளை எழும்பூருக்குக் கொடுங்கள். நம்முடையது இன்னது என்று தெரிந்து கொண்டு போகிறவனுக்குத்தான், கண்ணாடிப் பெட்டிக்குள்ளே எது நம்முடையது என்று தெரியும்.